மாசமா இருக்கும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி

“சாப்பிட்டீங்களாம்மா?” மாசமாக இருக்கும் பெண்ணைப் படம் எடுக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஆனால் நம் தம்பிகள் போனை நீட்டி, “இதுல எந்த போஸ் வேணும் சிஸ்டர்?” என்று ஆரம்பிக்கிறார்கள். அந்தப் போனில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் பாறை மேல் நிற்கிறாள். பத்து முழக் கவுன் காற்றில் பறக்கிறது, பின்னால் கடல். இங்கே நம் பெண்ணுக்குக் கால் வீங்கிச் செருப்புகூட நுழையவில்லை. அந்த போஸ் இந்த உடம்புக்கு எப்படி வரும்?

கல்யாண வீடுகளிலேயே தலை நரைத்த போட்டோகிராபர் நான். வளைகாப்புக்குப் போய் நாலு படம் எடுத்துவிட்டுச் சாப்பிட்டு வந்த காலம் போய், ‘மெட்டர்னிட்டி ஷூட்’ என்று தனி பேக்கேஜ் வந்துவிட்டது. வரட்டும், தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் மணப்பெண்ணை நிறுத்துகிற மாதிரியே இவர்களையும் நிறுத்துகிறோம். வம்பு அங்கேதான் வருகிறது.

வயிறு முன்னே வர வர உடம்பின் பாரமும் முன்னே நகர்கிறது. விழாமல் நிற்க முதுகு தானாகவே பின்னுக்கு வளைந்துகொள்கிறது. பிரசவத்துக்குத் தயாராக, ரிலாக்சின் போன்ற ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களையும் தளர்த்தி வைத்திருக்கின்றன. இந்த நிலையில் நிற்பவளிடம் போய், “முதுகை இன்னும் கொஞ்சம் வளைங்க மேடம், வயிறு நல்லா தெரியும்” என்றால் அது வலிக்கிற இடத்தை இன்னும் அழுத்துகிற வேலை. ஹீல்ஸ் போடச் சொல்வதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. எழுதினால் கோபம் வரும்.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது படுக்க வைத்து எடுக்கிற போஸ். தரையில் துணி விரித்து, சுற்றிலும் ரோஜா இதழ் தூவி, ஏணி மேல் ஏறி நின்று எடுப்பார்கள். ஐந்து மாதம் தாண்டியவள் மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் கீழ்ப்பெருஞ்சிரை மேல் விழும். காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகிற பெரிய குழாய் அது. அது நசுங்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், அழுத்தம் இறங்கும், தலை சுற்றும், வியர்க்கும், குமட்டும். டாக்டர்கள் “இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க” என்று சொல்வது இதனால்தான். ஒரு நிமிடம் மல்லாந்தால் எல்லோருக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஷூட் எங்கே ஒரு நிமிடத்தில் முடிகிறது? இதழை அடுக்க வேண்டும், லைட்டை நகர்த்த வேண்டும், கவுனை விரிக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அவள் கிடக்க வேண்டும்.

படுத்த மாதிரிப் படம் வேண்டுமென்றால் இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. கேமராவை அவள் உயரத்துக்கு இறக்குங்கள். ஏணி வேண்டாம். முகம் நன்றாகத் தெரியும், வயிற்றின் வளைவும் தெரியும். ஏணிப் படத்தில் இந்த இரண்டுமே தட்டையாகிவிடும்.

நின்று எடுப்பதற்கு வழி நம்மூரிலேயே இருக்கிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் சிவகாமியைப் பாருங்கள். பாரம் முழுக்க ஒரு காலில் இறங்கியிருக்கும், மற்றக் கால் லேசாக மடங்கியிருக்கும், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். திரிபங்கம் என்பார்கள். கர்ப்பிணிக்கும் அதையே அளவாகச் சொன்னால் போதும். ஜன்னலுக்குப் பாதி திரும்பி நிற்கட்டும். பின்காலில் பாரம், முன்கால் முட்டி மடக்கி. ஒரு கை வயிற்றுக்கு மேலே, ஒரு கை கீழே. முழங்கை உடம்போடு ஒட்டாமல் நடுவில் கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு முழுக்க ஒரே அகலமாகத் தெரியும். கை வயிற்றை அழுத்தக் கூடாது, சும்மா படிந்திருந்தால் போதும். கால் மாற்றி நிற்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவளுக்கும் ஆசுவாசம்.

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால்தான் உருண்டை தெரியும். கேமரா மேலிருக்கும் ஃபிளாஷ் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். பக்கத்தில் போய் வைட் லென்ஸில் எடுத்தால் எது முன்னால் இருக்கிறதோ அது ஊதிப்போகும். தள்ளி நின்று எண்பத்தைந்து எம்எம் போடுங்கள். போனில் எடுக்கிறவர்கள் ரெண்டடி பின்னால் போய் ‘டூ எக்ஸ்’ வையுங்கள். புடவை விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு எனக்கு எப்போதும் தகராறுதான். அவர்களுக்குக் கல்யாணப் பட்டு வேண்டும். கனமான காஞ்சிபுரம் பட்டு விறைத்து நிற்கும், வயிறு இருக்கிற இடமே தெரியாது. மெல்லிய பருத்தியோ க்ரேப்போ கட்டி, முந்தானையை ஒற்றையாக விட்டால் போதும். பாவாடை நாடாவை வயிற்றுக்குக் கீழே தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

இந்த மெட்டர்னிட்டி ஷூட் மோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். 1991 ஆகஸ்டில் ‘வேனிட்டி ஃபேர்’ அட்டையில் அன்னி லீபோவிட்ஸ் எடுத்த டெமி மூர் படம் வந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி, உடுப்பில்லை, ஒரு கை மார்பை மறைக்கிறது, ஒரு கை வயிற்றைத் தாங்குகிறது. அமெரிக்காவிலேயே சில கடைகளில் அட்டையை மூடி விற்றார்கள். இன்று உலகம் முழுக்க நகல் எடுக்கப்படுவது அந்தக் கைகளைத்தான். 2017-ல் பியான்சே இரட்டைக் குழந்தை வரப்போவதைப் பூ வளையத்துக்கு முன்னால் மண்டியிட்ட படத்தோடு இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். அதற்குப் பிறகு பூ வளையம் இல்லாத ஸ்டூடியோவே இல்லை.

நம்மிடம் இது இல்லாமலா இருந்தது? ஏழாம் மாசத்தில் பூச்சூட்டி, தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்த ஜடையோடு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போவார்கள். பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. முகம் கேமராவில், ஜடை கண்ணாடியில். வயிறு முந்தானைக்குள் இருக்கும், பார்க்கிறவர்களுக்குப் புரியும். அந்த போட்டோகிராபருக்கு எதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. பூ வாடுவதற்குள் வேலையை முடித்து அனுப்பினார். மணிக்கணக்கில் யாரையும் வெயிலில் நிறுத்தவில்லை.

கணவர் மண்டியிட்டு வயிற்றில் முத்தம் கொடுக்கும் படம் எனக்கு அலுத்துவிட்டது. “அவர் மேல சாஞ்சுக்கோம்மா” என்று சொல்லிப் பாருங்கள். அவளுக்கு முதுகுவலி குறையும், அவருக்குக் கை எங்கே வைப்பது என்ற குழப்பம் தீரும், படத்தில் இரண்டு பேரும் நிஜமாகவே இருப்பார்கள். “கண்ணு பட்டுரும்டா, வேணாம்” என்கிற மாமியாரோடு நான் மல்லுக்கட்டுவதில்லை. “எடுத்து வைப்போம்மா, குழந்தை பொறந்த பெறகு காட்டிக்கலாம்” என்றால் பெரும்பாலும் சரி என்றுவிடுவார்கள். ஊருக்கெல்லாம் உடனே காட்டியாக வேண்டும் என்று என்ன இருக்கிறது?

எடுக்க ஏற்ற காலம் இருபத்தெட்டிலிருந்து முப்பத்துநாலு வாரம். வயிறு நன்றாகத் தெரியும், ஆளும் இன்னும் சோர்ந்திருக்கமாட்டாள். இரட்டைக் குழந்தை என்றால் அதற்கும் முன்னால். ஈசிஆர் கடற்கரை என்றால் விடிகாலையில் போங்கள், அலைக்குள் இறக்காதீர்கள், கலர் புகைக் குப்பியைக் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

படம் எடுத்துக்கொள்ளப் போகிற வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. புக்கிங் செய்யும்போது எத்தனை படம், எத்தனை கவுன், ஆல்பம் எத்தனை பக்கம் என்று கேட்கிறீர்கள். அதோடு சேர்த்து, உட்கார முதுகு வைத்த நாற்காலி இருக்கிறதா, கழிப்பறை எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்றும் கேளுங்கள். பதில் தெரியாமல் முழிக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.