ஊசியில என்ன இருக்கு எண்டு தமிழில சொல்லுங்கோ

மாரடைப்பை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிற எம்.ஆர்.ஐ வந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஷெயார் பண்ணுகிறோம். வரவில்லை, இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் பெரியதுதான். அஞ்சியோகிராம் இரத்தக்குழாயின் ஓட்டையைக் காட்டும், சுவரைக் காட்டாது. குழாயைப் பெரிதாக அடைக்காத கொழுப்புப் படிவு திடீரென வெடித்துத்தான் பல மாரடைப்புகள் வருகின்றன. நுண்ணிய இரும்பு ஒக்சைட் துகள்களை ஊசியால் ஏற்றினால், சுவரில் அழற்சி உள்ள இடத்து வெண்குழியங்கள் அதை விழுங்கும். படத்தில் அந்த இடம் கறுக்கும். இரத்தக்கட்டியின் பைபிரினைத் தேடி ஒட்டுகிற கடோலினிய மருந்தொன்றை 2000களிலேயே மனிதரில் பரிசோதித்தார்கள். இன்றுவரை சந்தைக்கு வரவில்லை.

வந்தால் முதலில் எங்கே வரும்? கொள்ளுப்பிட்டிக்குத்தான், காலி வீதியில் 'ஹார்ட் செக்கப்' பக்கேஜ் விற்கிற பக்கம். அது காசுச் சண்டை, இன்னொரு நாள் பிடிப்போம். இன்றைக்கு என் சண்டை ஊசியோடு.

கடோலினியம் இப்போதே சாதாரண இதய எம்.ஆர்.ஐயில் ஏற்றப்படுகிறது. தனியே நச்சு, இன்னொரு மூலக்கூறால் கட்டித்தான் ஏற்றுவார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலை இறுக்கிவிடும் கொடிய நோயோடு அதற்குத் தொடர்பிருப்பது 2006இல் தெரியவந்தது. இப்போதுள்ள இறுக்கமான வகைகளில் ஆபத்து மிகக் குறைவு. சரி. ஆனால் காரணம் தெரியாத சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தையும் வவுனியாவையும் தின்கிற நாடு இது. "கிட்னி வருத்தம் இருக்கா?" என்ற கேள்விதான் இங்கே முதல் காவல். அது விளங்காத மொழியில் இருந்தால் காவல் எங்கே?

மாமியை ஸ்கானுக்குக் கூட்டிப்போன ஓரிடத்தில் படிவம் முழுக்க ஆங்கிலம். சைன் வைக்கிற இடத்தை மட்டும் பேனையால் காட்டினார்கள். மாமிக்குப் பல வருஷமாகச் சீனி வருத்தம். நான் வாசித்துச் சொன்னேன். தனியே வருகிற மாமிகளுக்கு யார் சொல்வது?

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. டெக்னிக்கல் விஷயம், தமிழில் ஏலாது என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார், உடற்கூற்று நூலைத் தமிழாக்கினார். அவர் அமெரிக்கர் வேறு! நமக்கு ஒரு பக்கப் படிவம் ஏலாதாம்.

அரச ஆஸ்பத்திரியோ தனியாரோ, கையெழுத்து வாங்க முதல் தமிழில் எழுதித் தாருங்கள்: என்ன ஏற்றுகிறீர்கள், யாருக்கு ஏற்றக்கூடாது, வேண்டாம் என்றால் வேறு என்ன வழி.