மறுபடியும் பிறந்தோம், அதே சாதியில்

டிஸ்கி: இது உள்ளே இருந்துகொண்டு எழுதுகிற பதிவு. நானும் தென்மாவட்டத்துக் கிறிஸ்தவ நாடார் வீட்டுப் பிள்ளைதான். 'பாத்தியா, உங்காளுங்க லட்சணத்தை' என்று குஷியாகிப் பின்னூட்டம் போட வருகிற மற்ற அன்பர்கள், அவரவர் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வரவும்.

ஞாயித்துக்கிழமை வருகிற வரன் விளம்பரங்களை வேலைமெனக்கெட்டு வாசிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஆர்.சி. உடையார், சி.எஸ்.ஐ. நாடார், கிறிஸ்தவ வேளாளர்... வரிசையாக வரும். இதிலெல்லாம் உச்சம் என்னவென்றால், 'இரட்சிக்கப்பட்ட, மறுபடியும் பிறந்த, ஆவிக்குரிய மணமகள் தேவை, அதே இனத்தில்' என்கிற ரகம். மறுபடியும் பிறந்தாச்சாம். ஆனா கரெக்டா அதே சாதியிலயே மறுபடியும் பிறந்திருக்காங்க மக்கா! எப்படிய்யா முடியுது? :-)

கேட்டால் உடனே ஒரு பதில் வரும். "சாதியெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க. பழக்கவழக்கம் ஒத்துப்போகணும்ல, அதுக்காகத்தான்." சரி, என்ன பழக்கவழக்கம்? ரெண்டு வீட்டிலும் காலையில் வேதம் வாசிக்கிறார்கள், ராத்திரி குடும்ப ஜெபம் பண்ணுகிறார்கள். கிறிஸ்மஸுக்கு ரெண்டு வீட்டிலும் அதே முறுக்கு, அதே அதிரசம், அதே பிரியாணி. பிறகு எந்தப் பழக்கம் ஒத்துப்போகவில்லை?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊர் வேண்டாம், சபை வேண்டாம். பொண்ணும் பையனும் ஒரே பாடகர் குழு. அவள் ஆல்டோ, அவன் கீபோர்டு. ஒரே வருஷம் ஒரே பேராயர் கையால் திடப்படுத்தல் வாங்கினவர்கள். பையன் விடுதியில் தங்கிப் படித்து வாத்தியார் வேலைக்கு வந்தவன். குடிக்க மாட்டான், சண்டை சச்சரவு கிடையாது, ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவன். அவன் பாட்டன் காலத்தில் அவர்கள் சேரியிலிருந்து சபைக்கு வந்தவர்கள். அது ஒண்ணுதான் குறை.

விஷயம் வெளியே வந்ததும் பொண்ணு வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. நாம ரொம்ப நாகரிகமானவங்க இல்லையா? உபவாச ஜெபம் வைத்தார்கள். "பிள்ளை மனசு மாறணும் ஆண்டவரே"ன்னு மூணு நாள். "இது கர்த்தருடைய சித்தமில்லை"ன்னு ஒரு மாமா தீர்ப்பே சொல்லிட்டார். கர்த்தர் எப்போ அவருக்குப் போன் பண்ணினார்னு தெரியலை.

வேடிக்கை இதில்லை. அதற்கு முந்தின வருஷம் அதே பொண்ணோட சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இந்து. ஆனா 'நம்மாளு'. கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னால் அவசர அவசரமாக ஞானஸ்நானம். பரமண்டல ஜெபம் பாதி வரைக்கும்கூட அந்தப் பையனுக்கு மனப்பாடம் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு இதே மாமா சூட்டு கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்போ கர்த்தருடைய சித்தத்தைப் பற்றி மூச்சுக்கூட விடலை.

ஆக, நாலு தலைமுறைக் கிறிஸ்தவன் வேணாம். ரெண்டு வாரக் கிறிஸ்தவன் போதும். இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது?

ஐயரும் (எங்க பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம், குழம்ப வேண்டாம்) "ரெண்டு குடும்பமும் சமாதானமா வந்தாத்தான் ஓலை வாசிப்பேன்" என்று நழுவிவிட்டார். மூணு ஞாயிறு வாசிக்க வேண்டிய ஓலை ஒரு ஞாயிறுகூட வாசிக்கப்படவில்லை. கடைசியில் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் ஒட்டி, பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சபை வாசிக்காத ஓலையை சர்க்கார் ஒட்டியது. அந்த ரெண்டு பேரும் இன்னிக்கு வேற ஊரில் வேற சபைக்குப் போகிறார்கள். அவளுடைய அம்மா இன்னும் பேரனைப் பார்க்கவில்லை.

இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்திலேயே மேல்சாதிக்குத் தனி குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று தனித்தனி ஏற்பாடு ஆரம்பமாகிவிட்டது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள் சாதியை விட்டொழிக்கணும் என்று கறாராகச் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூர் வட்டாரத்தில் ஏராளமானபேர் சபையை விட்டுப் போனார்களே தவிர சாதியை விடவில்லை. 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரே புது மிஷனரிகள் சாதி வழக்கத்தில் கைவைக்கிறார்கள் என்று எதிர்த்து எழுதியவர்தான். அவர் பாட்டுகள் எனக்கு உயிர். அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

வடக்கன்குளம் கதை நெல்லைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். காற்சட்டையின் ரெண்டு கால் மாதிரி கோயிலைக் கட்டி, நடுவில் சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் வேளாளர், அந்தப் பக்கம் நாடார் முதலான மற்றவர்கள் என்று பூசை பார்த்த ஊர். 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு கோர்ட்டுக்கே போனது. சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள்.

இந்த இடத்தில்தான் எங்க சனங்களை நிறுத்திக் கேக்கணும்னு தோணுது. அன்னிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னது யாரு? நம்ம தாத்தா, பூட்டன்தானே? திருவிதாங்கூரில் நம்ம பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடுவதற்கு, 1859-ல் ராஜா உத்தரவு போடும் வரைக்கும் அடி உதை வாங்கிப் போராடினார்களே, அது யார் கதை? அந்தக் கதையைச் சபை நூற்றாண்டு மலரில் போட்டோவோடு அச்சடிக்கத் தெரிகிற நமக்கு, இன்னொருத்தன் அதே சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறான் என்பது மட்டும் ஏன்யா கண்ணில் படமாட்டேங்குது?

'அதெல்லாம் பழங்கதை' என்பவர்களுக்கு எறையூர். 2008 மார்ச். உளுந்தூர்பேட்டை பக்கம். தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி வன்னியக் கத்தோலிக்கர்களோடு மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, 2 பேர் சாவு. ரெண்டு தரப்பும் ஒரே மாதாவிடம் செபமாலை உருட்டுகிறவர்கள்.

இதைவிட எனக்கு எரிச்சல் வருவது நம்ம இரட்டை நாக்கைப் பார்த்துத்தான். 1950-ஆம் வருஷத்து குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவ தலித்துகளுக்கு பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் சேர்க்கச் சொல்லி நம்ம சபைகள் டெல்லியில் பல வருஷமாகக் கேட்கின்றன. நியாயமான கோரிக்கை, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அங்கே நாம வைக்கிற வாதம் என்ன? "மதம் மாறினாலும் சாதிக் கொடுமை தொடருது, சபைக்குள்ளேயும் தொடருது." அதே வாயால் ஊரில் சுவிசேஷக் கூட்டம் போட்டு என்ன சொல்கிறோம்? "எங்ககிட்ட சாதி இல்லை, வாங்க." டெல்லிக்கு ஒரு நாக்கு, டவுனுக்கு ஒரு நாக்கு. டயோசீஸ் தேர்தல் வந்தால் மூணாவதா ஒரு நாக்கு முளைக்கும். எந்த அணிக்கு எந்த சாதி ஓட்டுன்னு பிரசங்கியாரிலிருந்து கோயில்குட்டி வரைக்கும் விரல்விட்டு எண்ணுவாங்க.

எதுவுமே மாறலைன்னு சொன்னா அது பொய். எங்க பக்கத்து அசன பண்டிகையில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று இன்னிக்கு யாரும் பார்ப்பதில்லை. திருவிருந்தில் ஒரே பாத்திரம்தான். அந்தக் காலத்தில் இதுக்கே அடிதடி. ஆக, மாற முடியாதுன்னு இல்லை. பந்தியில் மாறியது, பந்தலில்தான் மாறலை.

ஐயர்மாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். திருமணத்துக்கு ஆயத்த வகுப்பு எடுக்கிறீங்களே, அதைக் கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளுக்கு எடுக்கறதை விட்டுட்டு அப்பா அம்மாவுக்கு எடுங்க. பவுல் கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் மூணாம் அதிகாரத்தை அங்கே வாசிங்க. வாசித்துவிட்டு, "உங்க மகனுக்குப் பொண்ணு பாக்கறப்போ முதல்ல என்ன கேட்டீங்க?" என்று ஒரு கேள்வி போடுங்க. காணிக்கை கொஞ்சம் குறையும். பரவாயில்லை, புது கோபுரத்தை அடுத்த வருஷம் கட்டிக்கலாம்.

பி.கு: "இதையெல்லாம் பொதுவில் எழுதினா மத்தவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க பிரதர்?" என்று தனிமடல் போட நினைக்கும் அண்ணாச்சிகளுக்கு: அவங்களும் அதே வரன் விளம்பரப் பக்கத்தைத்தான் வாசிக்கிறாங்க அண்ணாச்சி.