மூளைக்குள் ஓர் ஓதம்

மாமல்லபுரம் கரையில் அலை விலகும்போது, விரல்நுனியளவு நண்டுகள் ஈரமணலுக்குள் சட்டெனப் புதைவதைக் கண்டிருக்கிறோம். இவ்வின நண்டுகளை ஆராய்ந்த எம்.கே. சந்திரசேகரன், அலையே இல்லாத ஆய்வுக்கூடத்திலும் கடலின் ஏற்றவற்றத்திற்கேற்ப அவற்றின் அசைவு கூடிக் குறைவதை 1965இல் வெளியிட்டார். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வேரூன்றச் செய்தவரும் இவரே.

நண்டுக்கே இப்படியெனில் நமக்கு? மூளையின் அடிப்புறத்தில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட கொத்து ஒன்றுண்டு. பகலில் இவ்வணுக்கள் விரைந்து மின்துடிப்பு எழுப்புகின்றன, இரவில் அடங்குகின்றன. இதற்குக் காரணம் உப்புகளே. கடல்நீரில் கரைந்துள்ள அதே சோடியம் பகலில் அணுவினுள் மிகுதியாய்க் கசிந்து அதனைத் தூண்டுகிறது. இரவில் பொட்டாசியம் வெளியேறி அதனை அமைதிப்படுத்துகிறது.

மூளையின் மேற்பரப்பு அணுக்களுக்கோ வேறொரு கணக்கு. விழித்திருக்கும் நேரம் நீள நீள அவற்றின் கிளர்ச்சி மிகுகிறது. உறக்கமே அதனைத் தணிக்கிறது. ஆகவே வலிப்புள்ளோர்க்குக் கண்விழிப்பு ஆகாது. (வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை, அதனால் பயனேதுமில்லை.)

விடியுமுன் படகு தள்ளும் இல்லங்களை எண்ணியே இதனை எழுதுகிறோம். நடுக்கடலில் வலிப்பு வந்தால் உயிருக்கே கேடு. அத்தகைய பிள்ளையைத் திருவிழா இரவிலும் வேளையோடு உறங்கச் செய்யுங்கள். மாத்திரையை மருத்துவர் குறித்த நேரத்தில் கொடுங்கள். வளரிளம் பருவத்தினர்க்குக் காலையில் எழுந்ததும் கை வெட்டியுதறிக் காப்பிக் குவளை அடிக்கடி நழுவுமாயின், கவனக்குறைவென்று கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.