கடன் கொடுத்தவனுக்குக் கோர்ட்டு கிடையாதா?

மில்லில் நூல் பாழானால் தொழிலாளிக்குச் சார்ஜ் ஷீட். வரப்பில் புல் அறுத்தால் கூலியாளின் பேரில் வழக்கு. ஆனால் தேசம் தேசமாகக் கடன் கொடுக்கும் ஸ்தாபனத்தின் பேரில் வழக்குப் போட்டால்? "எங்களைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது, எங்களுக்கு விலக்குரிமை உண்டு" என்கிறார்கள்!

நடந்ததைக் கேளுங்கள். குஜராத்தில் கட்ச் கடற்கரையில் இருக்கிறது முந்த்ரா. அங்கே டாட்டா கம்பெனியின் நிலக்கரி மின்நிலையத்துக்கு, உலக வங்கிக் குழுவைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கார்ப்பரேஷன் 2008ல் 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. சுற்றுவட்டார மக்களுக்குக் கேடு வரக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை. ஆனால் மின்நிலைய வெந்நீரால் கடலில் மீன் குறைந்தது, கிணற்று நீர் உப்பாயிற்று, பயிரில் சாம்பல் படிந்தது என்று மீனவர்களும் விவசாயிகளும் முறையிட்டார்கள். கார்ப்பரேஷனின் மேற்பார்வை போதாது என்று அதன் சொந்தத் தணிக்கையே 2013ல் சொல்லிற்று.

2015ல் அந்த ஏழைகள் கார்ப்பரேஷனின் தலைமைக் காரியாலயம் உள்ள வாஷிங்டனிலேயே வழக்குத் தொடுத்தார்கள். சர்வதேச ஸ்தாபனங்களுக்கு விலக்குரிமை தரும் 1945ம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் குறுக்கே நின்றது. கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் கதவைச் சாத்தின. 2019 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் திறந்தது. அந்நிய சர்க்காருக்கு உள்ள விலக்குதான் இவர்களுக்கும், வியாபார விஷயத்தில் முழு விலக்கு இல்லை என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள்; ஒருவரே மறுத்தார்.

ஆனால் பலன்? வழக்கின் அடிப்படைச் சம்பவங்கள் இந்தியாவில் நடந்தவை என்று சொல்லி 2020ல் மறுபடியும் தள்ளுபடி! 2022ல் சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலை ஏற்க மறுத்தது. பணம் வாஷிங்டனிலிருந்து வரலாம். பொறுப்பு மட்டும் அங்கே போகக்கூடாதாம்!

எந்த ஒரு சர்க்காரும் மிரட்டாதிருக்க ஐக்கிய நாடுகள் சபைக்குப் பாதுகாப்பு வேண்டியதுதான். அது வட்டிக் கடைக்குக் கவசமாகலாமா?

ஐ.நா. தன் நூலகத்துக்குச் சஞ்சிகை வாங்கும் ஒப்பந்தத்தில்கூட, "எங்கள் விலக்குரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளும். அவ்வளவு ஜாக்கிரதை! அதே ஜாக்கிரதை நமக்கும் வேண்டும். விலக்குரிமையை விட்டுக்கொடுக்க நிதிக் கார்ப்பரேஷனுக்கு அதிகாரம் உண்டு. இந்தியா அதன் அங்கத்தினர். "இந்தக் கடனால் பாதிக்கப்படுகிறவர் இந்தியக் கோர்ட்டில் எங்கள் பேரில் வழக்குத் தொடரலாம்" என்ற ஒரு வரி இல்லாத கடனை நம் மண்ணில் அனுமதியாதே என்று சர்க்காரைக் கேட்போம்.

கடலை நம்பிப் பிழைப்பவனுக்கும் நியாயம் கேட்க ஒரு வாசல் வேண்டும்!