பக்கத்து மனையில் ஜேசிபி இறங்கிடுச்சா? பள்ளம் ஆழமாவதற்குள் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

மதுரை கோரிப்பாளையம் மேம்பாலத்துக்கு 2023 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகிற எல்லார் கண்ணும் மேலேதான். ஆனால் அதே ஏரியாவில் கீழே நடக்கிற வேலையை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு காம்ப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். பார்க்கிங்குக்கு இடம் வேண்டும் என்று தரைக்குக் கீழே ஒரு தளம் எடுக்கிறார்கள். தகர ஷீட் அடித்து மறைத்துவிட்டால், உள்ளே பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

கட்டடம் எழும்பிய பிறகு விரிசல் விட்டால்தான் நமக்குப் பயம் வருகிறது. ஆனால் கட்டடமே இல்லாத அந்தப் பள்ளம் தோண்டும் கட்டத்தில்தான் அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து அதிகம். ஏன்? பார்க்கலாம்.

வேளச்சேரியில் என்ன நடந்தது?

2023 டிசம்பர் 4. சென்னையை மிக்ஜாம் புயல் புரட்டிப் போட்ட நாள். வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானத்துக்காகச் சுமார் 50 அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். விடாத மழையில் பள்ளத்தின் ஓரம் அப்படியே சரிந்தது. விளிம்பில் இருந்த கன்டெய்னர் அறை, பக்கத்து கேஸ் பங்கின் ஒரு பகுதி எல்லாம் ஆட்களோடு உள்ளே போனது.

சிலரை உயிரோடு மீட்டுவிட்டார்கள். இரண்டு பேர் சிக்கிக்கொண்டார்கள். பள்ளம் முழுக்கத் தண்ணீர். மோட்டார் வைத்து இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 8-ம் தேதி உடல்களாகத்தான் எடுக்க முடிந்தது.

அந்த இரண்டு பேரில் ஒருவர் கேஸ் பங்க் ஊழியர். அந்தக் கட்டுமானத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பக்கத்து இடத்தில் வேலை பார்த்தார், அவ்வளவுதான்.

ஆழம் கம்மி என்றால் ஆபத்து இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. 2022 ஜூனில் மதுரை விளாங்குடியில் பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டும்போது மண் சரிந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ ஒன்றரை டன்னுக்கு மேல். மார்பு வரை மண் மூடினாலே மூச்சு விட முடியாது.

அதனால்தான் மத்திய பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதி ஒன்றரை மீட்டரையே எல்லையாக வைக்கிறது. அதாவது சுமார் 5 அடி. அதைத் தாண்டினால் பள்ளத்தின் பக்கங்களைப் படிப்படியாகச் சரித்து வெட்ட வேண்டும், இல்லை முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கவும் கூடாது. ஒன்றரை மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளித்தான் கொட்ட வேண்டும். நம்ம ஊரில் எத்தனை இடத்தில் இதைப் பார்த்திருக்கிறீர்கள்?

கோரிப்பாளையம் மண் எப்படி?

ஊர்ப் பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம். சுற்றிலும் எல்லாம் குளம். தெற்கே கொஞ்ச தூரத்தில் வைகை. ஆற்றங்கரையிலும் பழைய நீர்நிலை ஓரங்களிலும் மணல், வண்டல், களிமண் என்று மண் அடுக்கடுக்காக மாறும். ஒரு மனைக்குச் சரியாக இருந்தது அடுத்த மனைக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மாவட்டத்தில் திருமங்கலம், பேரையூர் பக்கம் போனால் கரிசல். அது மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும்.

மழையும் சும்மா விடாது. 2024 அக்டோபர் 25-ம் தேதி கொட்டிய மழையில் செல்லூர், பீபிகுளம் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி ஒரு நாளில், இரண்டு வீட்டுக்கு நடுவே 15 அடிப் பள்ளம் திறந்து கிடந்தால்? வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடியே பள்ள வேலையை முடித்து, தாங்கு சுவரை எழுப்பிவிட வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, என்னென்ன கேட்கலாம்?

1. மண் பரிசோதனை செய்தாச்சா? 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவைத்து, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். அடி குறைவாக இருந்தால் மண் இளக்கம். சுமார் ஒரு ஏக்கர் மனைக்கு நான்கு மூலையிலும் நடுவிலும் துளையிட வேண்டும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு. "பக்கத்துக் கடைக்காரர் எடுத்த ரிப்போர்ட் இருக்கு" என்பது பதில் இல்லை.

2. மண் சரியாமல் இருக்க என்ன ஏற்பாடு? எல்லைச் சுவரை ஒட்டி நேராக வெட்டுகிறார்கள் என்றால் தாங்கு சுவர், பைல் ஏதாவது கட்டாயம் வேண்டும். ஊறும் தண்ணீரை எங்கே இறைத்து விடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். தண்ணீரோடு மண்ணும் சேர்ந்து வந்தால், உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்துகூட அது வரலாம்.

3. எதைப் போட்டு நிரப்புகிறார்கள்? இடித்த வீட்டின் செங்கல், காரை, குப்பை எல்லாவற்றையும் தள்ளி மேலே கிராவல் பரப்பினால் தரை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மழையில் இறங்கிவிடும். கிராவலை மெல்லிய அடுக்காகப் பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, இறுக்கத்தைச் சோதித்த பிறகே அடுத்த அடுக்கு போட வேண்டும்.

4. அனுமதி இருக்கிறதா? தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-ன்படி கட்டட அனுமதி வேண்டும். தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோக கனிமவளத் துறை அனுமதியும் தேவை.

கேட்க நமக்கு உரிமை இருக்கா?

இருக்கிறது. 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, உங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலம் இயற்கையாகத் தருகிற தாங்குதலைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் தாங்குதலில் உங்கள் வீடு தடையின்றி 20 ஆண்டுகள் நின்றிருந்தால், வீட்டுக்கும் அந்த உரிமை உண்டு.

வேலை தொடங்கும் முன்பே உங்கள் சுவர், தரை, படிக்கட்டு எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாடி விரிசல் வந்தால் "இது பழைய விரிசல்"னு யாரும் தட்டிக்கழிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் மாநகராட்சியில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கதவு திடீரென்று சிக்கினால், தரையில் புது விரிசல் ஓடினால், எல்லைச் சுவர் சாய்ந்தால் புகார் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் எல்லாரும் வீட்டை விட்டு வெளியே வாருங்கள். பிறகு 112-க்கு அழையுங்கள்.

கேள்வி கேட்டால் பக்கத்து மனைக்காரரோடு கொஞ்சம் மனஸ்தாபம் வரலாம். வரட்டும். வேளச்சேரியில் அன்றைக்கு வேலைக்குப் போனவர், தன் பங்குக்குப் பக்கத்தில் இருந்த பள்ளத்தைப் பற்றி யாரிடம் கேட்டிருக்க முடியும்?