சீனக்குடா ஓடுபாதை யாருக்காக?

இரு விமான நிலையங்களின் பெயர்களை இட்டால், இடைத்தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும் இணையக் கணிப்பான்கள் உண்டு. இலண்டன் ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்கவுக்குச் சுமார் 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் ஏறத்தாழ 11 மணி நேரம். கணக்கு சரிதான். ஆனால் திருகோணமலைக்காரருக்கு அது முடியாத கணக்கு.

என் பால்ய நண்பர் ஒருவர் தாயாரின் இறுதிச் சடங்குக்காக இலண்டனிலிருந்து வந்தார். கட்டுநாயக்கவில் இறங்கியபின் குருநாகல், தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் என்று 250 கிலோமீற்றர் வரையிலான தரைவழிக்கு மேலும் ஆறு மணி நேரம். அவர் வீட்டு வாசலை மிதித்தபோது மயானம் சென்றவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் நுழையுமுன் அவருடைய வாகனம் கடந்து வந்தது சீனக்குடாவை. அங்கே ஓடுபாதை இருக்கிறது. அது விமானப்படையினுடையது.

சென்னைக் கணக்கு இன்னும் கொடியது. சீனக்குடாவிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 500 கிலோமீற்றர்தான். சிறிய விமானத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். சிகிச்சைக்குச் செல்லும் நோயாளியோ வடக்கே போவதற்கு முதலில் தென்மேற்கே கட்டுநாயக்கவுக்கு ஓடி, அங்கிருந்து 640 கிலோமீற்றர் பறக்க வேண்டும். அல்லது யாழ்ப்பாணம் வரை வீதியில் போய்ப் பலாலியில் ஏற வேண்டும்.

பாதுகாப்பு என்பார்கள். பலாலி என்ன பூந்தோட்டமாகவா இருந்தது? அதுவும் படைத்தளமே. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. வானம் இடிந்து விழவில்லை.

பயணிகள் இல்லை என்பார்கள். 2013இல் மத்தளையில் காட்டோரம் சர்வதேச விமான நிலையம் கட்டியவர்கள் பயணிகளை எண்ணிப் பார்த்தா கட்டினார்கள்? நாம் கேட்பது ஜம்போ விமானம் அன்று. பலாலியில் இறங்கும் அளவிலான விமானம், வாரம் இரண்டு முறை, ஓராண்டுப் பரீட்சார்த்தமாக. ஆசனங்கள் நிரம்பாவிட்டால் நிறுத்திவிடட்டும்.

2023 ஜூலையில் புதுடில்லியில் வெளியான இந்திய–இலங்கைக் கூட்டு ஆவணம், சென்னை–திருகோணமலை வான் இணைப்பை ஆராய்வதாகச் சொன்னது. அதே சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுக்கு 1987இன் கடிதப் பரிமாற்றத்திலும் இடமிருந்தது. 2022 ஜனவரியில் ஒப்பந்தமே கையெழுத்தானது. எண்ணெய்க்கு ஒப்பந்தம், மனிதருக்கு "ஆராய்வோம்" என்ற ஒரு சொல். இதுதான் அவர்களுடைய முன்னுரிமை வரிசை.

1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் கடல் கடந்து வந்து இத்துறைமுகத்தில் குண்டு போட்டன. பிரித்தானியர், யப்பானியர், இன்றைய வல்லரசுகள் எல்லோருக்கும் திருகோணமலை கிட்டத்தான் இருக்கிறது. அந்த மண்ணில் பிறந்தவனுக்கு மட்டுமே அது தூரம்.