விதைப்பொட்டலம் பொன்னாடை அன்று

கருத்தரங்க மேடைகளில் பொன்னாடைக்குப் பதிலாக விதைப்பொட்டலம் வழங்கும் வழக்கம் இந்தியக் கல்விப்புலத்தில் பரவி வருகிறது. அதன் நீட்சியாக, வெளிநாடு செல்லும் ஆய்வாளர்கள் அங்கே தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ‘பாரம்பரிய விதை’ கொண்டுசெல்வதும் பெருமையாகப் பேசப்படுகிறது. நெகிழிப் பூங்கொத்தைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தெரிவு விதையை அறிந்து செய்யப்படுவதில்லை. பொட்டலத்தின் மேலுள்ள படத்தைப் பார்த்துச் செய்யப்படுகிறது.

அவரையை எடுத்துக்கொள்வோம். வட இந்தியர் சேம் என்றழைக்கும் இக்கொடியின் பழைய வகைகள் பெரும்பாலும் பகல் குறுகினால்தான் பூக்கும். இலண்டனிலும் லெஸ்டரிலும் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. கோடை முழுவதும் கொடி இலையாகவே படரும்; பகல் சுருங்கியபின் மொட்டு வைத்தாலும், காய் முற்றுமுன் உறைபனி வந்துவிடும். பெற்றுக்கொண்டவரோ தம் கை ராசியை நொந்துகொள்வார். அவருக்கு வெந்தயமோ கொத்தமல்லியோ கிடைத்திருந்தால் சில வாரங்களில் கீரை பறித்திருப்பார். பாகலும் சுரையும் கண்ணாடிக்குடில் உள்ளவர்க்கே பெரிதும் உதவும். அட்சரேகையும் பகல்நீளமும் பள்ளிப் பாடத்திலேயே உள்ளவை. முனைவர் பட்டம் பெற்றவர்கள் பரிசு வாங்கும்போது மட்டும் அவை மறந்துபோகின்றன.

கடையில் வாங்கிய எஃப்1 கலப்பின விதையைப் ‘பாரம்பரியம்’ என்று சொல்லிக் கொடுப்பது இன்னும் மோசம். அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல் முளைக்காது. ஆண்டுதோறும் கடைக்கே போக வேண்டும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டை அண்மைக்கால வகைதான், ஆனால் கலப்பினமன்று. விதை எடுத்து மீண்டும் விதைக்கலாம். பழமை என்னும் சொல்லைவிட இந்த வேறுபாடே தோட்டக்காரருக்குத் தேவை.

“மிளகாயும் தக்காளியும் கடவுச்சீட்டு பெற்றா கடல் கடந்தன?” என்று கேட்பவர்கள் உண்டு. 1845இல் ஐரோப்பாவில் பரவி அயர்லாந்தில் பஞ்சத்தை விளைத்த உருளைக்கிழங்குக் கருகல் நோயும் கடவுச்சீட்டின்றித்தான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 2014இல் இஸ்ரேலில் முதலில் காணப்பட்ட தக்காளிப் பழுப்புச் சுருக்க வைரஸ் விதை வழியாகவும் பரவுவது; கண்ணால் பார்த்துத் தள்ள முடியாது. இதனால்தான் பிரிட்டன் விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறது. அமெரிக்காவும் கேட்கிறது, சிறு அளவு விதைக்கு மட்டும், சில பயிர்கள் நீங்கலாக, பெறுபவரே முன்கூட்டி அனுமதி வாங்கும் வழி அங்கே உண்டு. இவற்றைக் காலனிய எச்சம் என்று சாடுவோர், இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையும் உள்ளே வரும் விதையிடம் இதையே கேட்கிறது என்பதைச் சொல்வதில்லை.

விதையைப் பகிரும் உரிமையைத் தரும் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சிலர் துணைக்கு அழைக்கிறார்கள். அச்சட்டம் அந்த உரிமையை உழவருக்குத் தருகிறது. மாநாட்டுக்குப் பயணம் செய்பவருக்கன்று. பெறுபவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளராக இருந்து, கொல்லையில் முளைத்தது ஆய்வுக்கூடத்துக்குப் போகுமானால், 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே நிற்கும். சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன்னனுமதி வேண்டும். பரிசு என்ற பெயர் அந்தக் கேள்வியை மறைத்துவிடுகிறது. அவ்விதையைத் தலைமுறையாகக் குதிரில் காத்த குடும்பத்தின் பெயரோ, ஊரோ, அறுவடை ஆண்டோ பொட்டலத்தில் இருப்பதில்லை. கொடுத்தவரின் புகைப்படம் மட்டும் முகநூலில் இருக்கிறது.

பிரிட்டனில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்கள் நகராட்சித் தோட்டத் துண்டுகளில் இப்பயிர்களை நெடுங்காலமாக வளர்த்து, அந்தக் குளிருக்குத் தாங்குவனவற்றின் விதையைத் தாமே எடுத்து வைத்திருக்கிறார்கள். கார்டன் ஆர்கானிக் என்னும் அமைப்பு அத்தகையோரிடமிருந்து விதை சேகரித்துமிருக்கிறது. இலண்டன் நண்பருக்குப் பரிசு தேடுபவர் விமானம் ஏறுமுன் அவர்களிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். பெட்டியில் எதையும் ஒளித்து வைக்க வேண்டியிராது.